உச்ச நேரத்து நட்சத்திரம்

ஃபேனை இரண்டுக்கு மேல் வைக்கக் கூடாதாம். வைத்தால் என்ன, வீடு பற்றிக்கொண்டு எரியுமா என்று கேட்க ஹேமாவுக்கு வாய் துறுதுறுத்தது, ஆனால் கேட்டு என்ன புண்ணியம், அப்பா பதில் சொல்ல மாட்டார், ஃபோனைத் தூக்கிக் காட்டுவார், அதில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருக்கும், அது சிவப்பைத் தொட்டால் அன்றைக்கு நட்சத்திரம் போச்சு. மே மாசம், அம்பத்தூர், கடைசி மாடி ஃப்ளாட், தலைக்கு மேல் மொட்டை மாடி. பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டைத் தளம் சாயங்காலம் ஆனதும் நிதானமாகத் திருப்பிக் கொடுக்கிறது. இந்தச் சமயம் பார்த்துத்தான் உச்ச நேரம். ஊரே ஒரே நேரத்தில் ஸ்விட்சைப் போடுகிறதாம், அதனால் ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் யார் வீட்டில் வழக்கத்தைவிடக் குறைவாகக் கரண்ட் ஓடுகிறதோ அவர்களுக்கு நட்சத்திரம், நட்சத்திரம் சேர்ந்தால் பரிசு. குடியிருப்புக்குப் புது மீட்டர் மாட்டிய கம்பெனி ஆளுக்கொரு ஆப்பையும் மாட்டிவிட்டுப் போனது. நல்ல விஷயம்தான், யார் இல்லை என்றது, ஹேமாதானே அப்பாவின் ஃபோனில் அதை இறக்கிக் கொடுத்தாள், எந்த வேளையில் இறக்கினாளோ, அந்தக் கையை ஒடிக்க வேண்டும். பக்கத்தில் ரப்பர் ஷீட்டின் மேல் பாப்பா கண்ணைச் சொருகிக்கொண்டு கிடந்தது. இன்றைக்கு எத்தனை தடவை போனது என்று எண்ணுவதை மத்தியானமே விட்டுவிட்டாள். அறை முழுக்க ஒரு புளித்த வாடை, குழந்தையின் துணியிலிருந்து வருகிறதா, தன் நைட்டியில் கசிந்து காய்ந்த பாலிலிருந்து வருகிறதா, சாயங்காலம் அம்மா போட்ட சாம்பிராணியோடு சேர்ந்து அது இன்னும் குமட்டியது. ஜன்னலைத் திறந்தால் கொசு. திறக்காவிட்டால் இது.

சீ, என்ன உடம்பு இது. கழுத்து மடிப்பில் வேர்வை, மாருக்குக் கீழே வேர்க்குரு, தலையில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் கண்ட எண்ணெய்ச் சிக்கு, வாயைத் திறந்தால் பூண்டு. மூன்று வேளையும் பூண்டு. பாலுக்கு நல்லதென்று ஆரம்பித்த பூண்டுக் குழம்பு இப்போது தண்டனையாகிவிட்டது, ஏனென்றால் பாப்பாவுக்கு வயிறு போக ஆரம்பித்ததும் அம்மா கண்டுபிடித்துவிட்டாள், காரணம் மாம்பழம். புருஷன் கோகுல் ஓசூரிலிருந்து வந்தபோது வாங்கிவந்த பங்கனப்பள்ளி, அதில் ஒரே ஒரு துண்டு, அதுவும் கொட்டைப் பக்கம், ஆசைக்கு வாயில் போட்டாள். அதைப் போய்ச் சொல்லியும் தொலைத்தாள். அன்றிலிருந்து அந்தத் துண்டுதான் இந்த வீட்டுப் பேச்சு. பிள்ளை பெத்தவளுக்கு நாக்கு அடங்க வேண்டாமா என்று அம்மா வேலைக்காரியிடம் சொன்னாள், கீழ்வீட்டு அம்மாளிடம் சொன்னாள், ஃபோனில் ஹேமாவின் மாமியாரிடமும் சொன்னாள், மாமியார் அந்தப் பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு, எங்க வீட்ல பொறந்ததுங்க எதுக்கும் வயிறு போனதில்லையே என்றாளாம். காய் நிறுத்தம், பழம் நிறுத்தம், மோர் நிறுத்தம். ரசஞ்சாதமும் சுட்ட பூண்டும். முதலில் ஹேமாவுக்குக் கோபம் வந்தது, அப்புறம் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அவளே நம்பிவிட்டாள். குழந்தை முனகும்போதெல்லாம் அந்தத் துண்டு நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதன் நார் பல்லிடுக்கில் இன்னும் இருக்கிற மாதிரி நாக்கால் துழாவுவாள். படித்த பெண், எட்டு பேருக்கு வேலை சொல்லுகிறவள், ஒரு மாம்பழத் துண்டுக்காகப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள், தூ.

அழாமல் என்ன செய்வது. போன தடவை தராசில் போட்டபோது பாப்பாவின் எடை அதற்கு முந்தைய தடவையைவிடக் குறைந்திருந்தது. டாக்டரம்மா முள்ளைப் பார்த்தாள், ஹேமாவைப் பார்த்தாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள். இப்படியே போனால் வெள்ளிக்கிழமை அட்மிட் செய்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்றாள். இத்தனூண்டு கையில் எந்த நரம்பைத் தேடுவார்கள். டாக்டரம்மா மாம்பழத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, அது வேறு ஞாபகம் வருகிறது, அம்மா மூன்று தடவை சொல்லியும் கையால் தள்ளிவிட்டு வேறு ஏதோ கேட்டாள். எடுத்து வைக்கிற பாலைப் பற்றித்தான். ஹேமாவின் லீவு முடியப் போகிறது. அவள் ஓசூருக்குப் போய் வேலையில் சேர்ந்ததும் பாப்பா இங்கேயே தாத்தா பாட்டியிடம் இருப்பதாகவும் வாரக் கடைசியில் அவளும் கோகுலும் வந்து பார்ப்பதாகவும் பேச்சு, அதற்குப் பழக்கத்தான் காலையும் மத்தியானமும் பம்பு வைத்துப் பாலை எடுத்துப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைப்பது. ராத்திரி முழுக்க அம்மாதான் அதை வெந்நீரில் வைத்துக் குளிர் எடுத்துப் பாலாடையில் புகட்டுவாள், நீ தூங்குடி என்பாள். பம்பு சத்தம் போடும், மாடு மாதிரி உட்கார்ந்திருப்பாள், அந்த நேரத்தில் தன்னைப் பார்க்கத் தனக்கே பிடிக்காது, ஆனாலும் பாட்டிலில் கோடு ஏறுவதைப் பார்க்கையில் ஏதோ ஒன்றை ஒழுங்காகச் செய்கிறோம் என்று ஒரு நிம்மதி. அந்தப் பாலை எங்கே வைக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாள். ஃப்ரிட்ஜில்தான் என்று மூன்று பேரும் சேர்ந்தே சொன்னார்கள். அடிக்கடி கரண்ட் போகுமா என்றாள். அப்பா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்க ஏரியால கரண்டே போறதில்ல டாக்டர் என்றார். சொல்லிவிட்டுத் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனைப் பார்த்தார். டாக்டரம்மா மருந்து எழுதினாள்.

ஹாலில் அப்பா செருமினார். இருட்டில் உட்கார்ந்திருக்கிறார், ஈரத்துண்டை மாரில் போட்டுக்கொண்டு, அழைப்பிதழ் அட்டையால் விசிறிக்கொண்டு, அந்த அட்டை சத்தம் மட்டும் டப் டப்பென்று கேட்கிறது, ஒவ்வொரு டப்புக்கும் ஹேமாவுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பாவம் என்றுதான் முதலில் நினைத்தாள். கூட்டுறவு சங்கத்தில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே வெளியே வந்தவர் தணிகாசலம், ஆபீசில் ஒருத்தனும் மதித்ததில்லை, கல்யாண வீடுகளில் இரண்டாம் பந்திதான், வீட்டில்கூட அம்மா பேசி முடித்தால்தான் அவர் முறை. அந்த மனுஷனை அசோசியேஷன் மீட்டிங்கில் எழுப்பி நிற்க வைத்துக் கைதட்டினார்களாம், நம்ம பிளாக்கிலேயே நட்சத்திரம் அதிகம் வாங்கியவர் என்று. வந்து அதை இரண்டு தடவை சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம். பி பிளாக் சேஷகிரி, ரிட்டயர்டு எஞ்சினியர், ஒரு வாரம் அவரைத் தாண்டிப் போய்விட்டார், அதிலிருந்து பிடித்தது சனி. டிவி போச்சு, மோட்டார் போச்சு, பின்னறை ஏசி போச்சு. வேணும்னா போட்டுக்கோம்மா, உன் இஷ்டம் என்பார், அந்த இஷ்டத்தை அவர் சொல்லுகிற விதத்தில் எவளுக்குப் போடத் தோன்றும். ஆறு மணியானால் வீடே இழவு விழுந்த மாதிரி இருண்டுவிடும், அம்மா தாங்க முடியாமல் கீழே போய் சிமெண்ட் பெஞ்சில் மற்ற பொம்பளைகளோடு உட்கார்ந்துவிட்டு ஒன்பதுக்குத்தான் மேலே ஏறி வருவாள். அஞ்சு மணிக்குமேல் ஃப்ரிட்ஜை யாரும் திறக்கக் கூடாது, கதவைத் திறந்தால் குளிர் போகும், குளிர் போனால் மோட்டார் ஓடும் என்று ஒரு சட்டம் வேறு, அம்மா அதற்கும் தலையாட்டிவிட்டு வேண்டியதை எல்லாம் நாலரைக்கே வெளியே எடுத்து வைத்துவிடுகிறாள். அப்பா மறுபடியும் முதல் இடத்துக்கு வந்துவிட்டார். சேஷகிரியே ஃபோன் போட்டு எப்படி சார் என்று கேட்டாராம். அதுல ஒரு டெக்னிக் இருக்கு என்று அப்பா சிரித்தார், என்ன டெக்னிக் என்று வீட்டிலும் சொல்லவில்லை. எல்லாம் யாருக்கு, என் பேத்திக்குத்தானே என்பார், பரிசுப் பக்கத்தில் ஒரு நீலக் கலர் தள்ளுவண்டியைப் பார்த்து வைத்திருக்கிறார், தினமும் அதைத் திறந்து ஒரு தரம் பார்த்துவிட்டு மூடுவார். அவர் அந்தப் படத்தைப் பார்க்கும் முகத்தை நினைத்தால் ஹேமாவுக்கு எதையும் சொல்ல முடியாமல் போகிறது, அது அதைவிட எரிச்சல்.

தாகம். தலைமாட்டு ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்துப் பார்த்தாள், சொட்டுக்கூட இல்லை, அம்மா ஊற்ற மறந்திருக்கிறாள். இருந்தாலும் என்ன, வெந்நீர்தான். பிள்ளை பெற்ற நாளிலிருந்து இந்தத் தொண்டை வெந்நீரைத் தவிர எதையும் கண்டதில்லை, பச்சைத் தண்ணீர் குடித்தால் ஜன்னி வரும், ஃப்ரிட்ஜ் காற்று பட்டால் மார் கட்டிக்கொள்ளும், சமையல்கட்டுப் பக்கமே வரக் கூடாது. பாட்டிலைக்கூட அறை வாசலில் அம்மா வாங்கிக்கொண்டு போய் வைத்து வருவாள். திடீரென்று ஹேமாவுக்கு ஜில்லென்று ஒரு வாய் தண்ணீர் வேண்டும் போலிருந்தது. வேண்டும் போலென்ன, குடிக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். பாட்டில் வெளியே வேர்த்துக் கையில் வழுக்கும், முதல் வாயில் பல் கூசும், நெஞ்சுக் குழியில் ஒரு கோடாக இறங்கும், ஜன்னி வந்தால் வரட்டும். பாப்பாவின் இரண்டு பக்கமும் தலையணை வைத்தாள். ஹாலைத் தாண்டிப் போகையில் அப்பா தலை நிமிரவில்லை, ஃபோன் வெளிச்சம் மூக்குக்குக் கீழே மட்டும் விழுந்திருந்தது. சமையல்கட்டில் ஏதோ நாறியது. மாவு. அதுவும் இப்போது புதுக் கதை, அரைத்த மறுநாளே பொங்கிப் புளித்து வழிகிறது, தயிர் கடுத்துப் போகிறது, கத்திரி வெயில்டி என்று அம்மா தினம் ஒரு கிண்ணத்தைக் கொட்டுகிறாள், வெயில் ஃப்ரிட்ஜுக்குள்ளேயா அடிக்கிறது என்று ஒருநாள் கேட்க நினைத்துக் குழந்தை அழுததில் மறந்துபோனாள். சட்டமாவது மண்ணாவது என்று கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. பல்பு போயிருக்கும் என்று நினைத்தபடியே தடவித் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி வாயில் சாய்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது. வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றாள், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஃப்ரிட்ஜ் உர்ரென்று சத்தமே போடவில்லை. காலடியில் ஈரம். கையை விட்டுப் பின்பக்கச் சுவரைத் தடவினாள், ஸ்விட்சின் மேல்பக்கம் அழுந்தியிருந்தது. பக்கத்தில் மிக்ஸி ஸ்விட்சு, அதுவும் அப்படித்தான், அணைத்து வைத்தது.

கரண்டே போறதில்ல டாக்டர். முதலில் வந்து நின்றது அந்த வாக்கியம்தான். கரண்டே போறதில்ல. உண்மைதான், போகவில்லை, ஒரு நாள்கூடப் போகவில்லை. மேல்தட்டில் வரிசையாக அவள் பாட்டில்கள், மத்தியானம் எடுத்தது, காலையில் எடுத்தது, நேற்று எடுத்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், ஒவ்வொன்றும் மனுஷ உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே, செத்த உடம்பு மாதிரி. அஞ்சு மணிக்கு அணைப்பார், முன்கூட்டியே அணைத்தால்தான் ஆறு மணிக்குக் கோடு கீழே இருக்கும், ஒன்பதுக்கு அம்மா வருமுன் போட்டுவிடுவார், அம்மா திறக்கையில் விளக்கு எரியும், மோட்டார் ஓடும், அவளுக்கு எங்கே தெரியப் போகிறது. தினமும். இந்த வெயிலில், கதவு ரப்பர் பிய்ந்த பழைய ஃப்ரிட்ஜில், நாலு மணி நேரம், அப்புறம் குளிர்ந்து, மறுநாள் மறுபடி, அதே பால். அதை அம்மா வெந்நீரில் வைத்து, பாலாடையில் ஊற்றி, குழந்தை நாக்கைத் துருத்தித் துருத்தித் துப்ப, பூண்டு வாடை பிடிக்கலபோல என்று கன்னத்தை அமுக்கி உள்ளே தள்ளியிருக்கிறாள். ஹேமாவின் பால். அவளிடமிருந்து வந்ததுதான் குழந்தைக்கு ஆகவில்லை என்று ஊரே சொன்னது, அவளும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். வாயிலிருந்த தண்ணீரைச் சிங்கில் துப்பினாள். மாம்பழம் ஞாபகம் வந்தது, அந்த ஒரு துண்டு, எவ்வளவு நல்ல பழம் அது. தெரியாமல் செய்திருப்பார். ஃப்ரிட்ஜ் கொஞ்ச நேரம் நின்றால் ஒன்றும் ஆகாது என்று அவர் நினைத்திருக்கலாம், கரண்ட் போகிற ஊர்களில் ஆகிறதா என்ன, அப்பா அறிவாளி இல்லை, அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஏன் ஃபேனைப் பார்த்தார். டாக்டரம்மா ஆஸ்பத்திரி ஃபேனில் என்ன இருந்தது பார்க்க. அந்தக் கேள்வி வந்து மாட்டிக்கொண்டு நகர மறுத்தது, எதை நினைத்தாலும் சுற்றி அங்கேயே வந்தது, கரண்டே போறதில்ல, ஃபேன், கரண்டே போறதில்ல, ஃபேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கும் அணைத்தாரா. அன்றைக்கும் நட்சத்திரம் வந்ததே. வந்தது, நீலத் தள்ளுவண்டிக்கு இன்னும் கொஞ்சம்தான் என்று சொன்னாரே. எத்தனை நேரம் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றாள் என்று தெரியவில்லை.

வெறுங்கால் சத்தம் வந்தது. அப்பா விளக்குப் போடாமலே வந்தார், பழகிய தடம், கை நேராக ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்தான் நீண்டது, அப்புறம்தான் முன்னால் ஆள் நிற்பது தெரிந்து சட்டென்று நின்றார். மற்றக் கையில் ஃபோன். அந்த வெளிச்சத்தில் ஹேமாவையும் திறந்திருந்த கதவையும் பார்த்தார்.

"ஃப்ரிட்ஜ் முன்னாடி நிக்காதம்மா," என்றார். "குளிர் அடிச்சிடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. மேடையில் கழுவிக் கவிழ்த்திருந்த பாலாடையை எடுத்தாள், காலையில் எடுத்த பாட்டிலைத் திறந்து அதில் கொஞ்சம் ஊற்றி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மோந்து பாருங்கப்பா என்றாள். அவர் அசையவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனாள். குனிந்தார். மூக்கு சுருங்கித் தலை தானாகப் பின்னால் போனதை அவள் பார்த்தாள், அதை அவர் மறைக்க முடியாது, உடம்பு பொய் சொல்லாது, ஆனால் நிமிர்ந்ததும் வாய் வேறு சொன்னது.

"நல்லாத்தானேம்மா இருக்கு."

"டாக்டர் கேட்டப்போ உங்களுக்குத் தெரியும்."

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கரண்ட் போகுமான்னுதானே கேட்டாங்க," என்றார். கெட்டிக்காரத்தனமாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை, நிஜமாகவே அதற்குப் பதில் சொல்லிவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிற குரல். இந்தக் கையால்தான் அவளுக்குச் சைக்கிள் பழக்கினார். இந்தக் கையை நம்பித்தான் அடுத்த மாதம் குழந்தையை விட்டுவிட்டுப் போவதாக இருந்தாள், வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தால் போதும், அப்பா இருக்கிறாரே என்று. அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது அவர் கையில் ஃபோன் டிங்கென்றது. ஒன்பது. பார்க்கக் கூடாது என்று அவர் நினைத்தது அவளுக்கே தெரிந்தது, தோள் விறைத்தது, விரலெல்லாம் ஃபோனை மூடிக்கொண்டது. பார்த்தார். ஒரு வினாடிதான், திரையிலிருந்து மஞ்சளாக ஏதோ மின்னி முகத்தில் விழுந்தது, அந்த ஒரு வினாடிக்கு உதடு மலர்ந்து உடனே மூடிக்கொண்டது. அதையும் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பாள்.

பாட்டில்களை ஒன்றொன்றாகச் சிங்கில் கவிழ்த்தாள். பால் போகாமல் கட்டிகட்டியாக ஓட்டையில் நின்றது, விரலால் தள்ளிவிட்டாள். அவர் பின்னால் கை நீட்டி ஸ்விட்சைப் போட்டார், ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்கல் குலுக்கி ஓட ஆரம்பித்தது, உள்ளே விளக்கு எரிந்தது, இரண்டு பேர் முகமும் தெரிந்தது, அவள் காலால் கதவைச் சாத்தினாள். பின்னறைக்குப் போய்க் கோகுலுக்கு ஃபோன் போட்டாள். காலையில வண்டி எடுத்துக்கிட்டு வா, பாப்பாவை இங்க விடப் போறதில்ல, வேலை போனா போகட்டும், நேர்ல சொல்றேன் என்றாள், அவன் என்ன ஏது என்பதற்குள் வைத்துவிட்டாள். பாப்பா மறுபடி போயிருந்தது, தலையணை வரைக்கும். துடைத்து, கழுவி, அள்ளி மார்போடு போட்டுக்கொண்டாள். ஒட்டிக்கொண்டது, வேர்வையும் பாலும் பீயும் எல்லாம் ஒட்டிக்கொண்டது, குழந்தை ஒரு தரம் இழுத்துத் துப்பிவிட்டு அப்புறம் பிடித்துக்கொண்டது.

வாசல் கதவு திறந்து அம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தாள். படியேறி வந்த வேகத்திலேயே ஹால் விளக்கைப் போட்டு, இப்போ ஏசி போட்டுக்க வேண்டியதுதானே என்று கேட்டபடி பின்னறைக்கு வந்தவள் தரையில் கிடந்த துணியைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். அவளுக்குப் பின்னால் அப்பா நிலைப்படியில் வந்து நின்றார்.

"மறுபடியும் போயிருக்கா? இன்னிக்கு என்னடி தின்னே?"

ஹேமா அம்மாவைத் தாண்டி அப்பாவைப் பார்த்தாள். அவர் சொல்லட்டும். ஒரே ஒரு வாக்கியம், ஃப்ரிட்ஜை நான்தான் அணைச்சேன் என்று ஒரே ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தால் போதும், கோகுலைக்கூட வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம், எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிடலாம், வயசானவர், தெரியாத மனுஷன், தப்பு செய்யாதவர் யார். அவள் காத்திருந்தாள். அம்மா, கேக்கறேன் இல்ல, வாயைத் தொறடி என்றாள். அப்பா அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், அப்புறம் மெல்லத் தலையைத் தூக்கி மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்.

ஹேமா எழுந்து போய் அதை ஐந்தில் வைத்தாள். மணி ஒன்பது தாண்டியிருந்தது, அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.